கார்ட்டூன் சிரிப்பில் பற்கள் எங்கே?

ஒரு தாளில் இரண்டு முகங்கள் வரையுங்கள். இரண்டுக்கும் கண், மூக்கு, சிரிக்கும் வாய் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். முதல் முகத்தில் வாயின் உட்புறத்தை வெறும் வெள்ளையாக விட்டுவிடுங்கள். இரண்டாவது முகத்தில் பல்லுக்குப் பல் பிரித்து, பென்சிலால் அழுத்தமாக நெடுக்குக் கோடுகள் போடுங்கள். பிறகு உங்கள் தம்பி தங்கையிடம் காட்டி, "இந்த இருவரில் யாரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது முகத்தைத்தான் காட்டுவார்கள்.

இது விந்தையாக இல்லையா? மனிதனுக்கு நிலைப்பற்கள் 32. அவை தனித்தனியானவை. அப்படியானால் பற்களைப் பிரித்துக் காட்டிய படம்தானே உண்மைக்கு அருகில் இருக்க வேண்டும்? ஆனால் கார்ட்டூன் ஓவியர்கள் பலர் மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் ஒரே வெள்ளைப் பட்டையாக வரைந்து விடுகிறார்கள். இது சோம்பலா? அறியாமையா? இரண்டுமில்லை. முதல் காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது.

கண் காண்பது என்ன?

நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண அளவுள்ள நுட்பங்களையே தெளிவாகப் பிரித்தறியும். 3 மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் ஆகும்.

அடுத்தடுத்த பற்கள் பொதுவாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கின்றன. நடுவே நாம் காண்பது ஒரு மெல்லிய நிழல்தான். அதன் அகலம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது இந்த நிழல் அடியோடு மறைந்துவிடுவதில்லை. பக்கத்திலுள்ள வெண்மையோடு கலந்து வெளிறிப் போகிறது. ஆகவே எதிரே நிற்பவர் சிரித்தால் நம் கண்ணில் முதலில் படுவது தனித்தனிப் பற்கள் அல்ல. ஒரு வெண்மையான வளைவு.

இதை நீங்களே சோதிக்கலாம். கண்ணாடிக்கு மிக அருகில் நின்று சிரியுங்கள். பிறகு ஒன்றரை மீட்டர் பின்னால் சென்று சிரியுங்கள். கண்ணாடிக்குள் உங்கள் பிம்பம் அதே அளவு பின்னால் இருப்பதால், இப்போது உங்கள் பற்களை நீங்கள் 3 மீட்டர் தொலைவிலிருந்து காண்கிறீர்கள்.

பென்சில் சொல்லும் பொய்

இப்போது ஒரு சிறு கணக்கு. 18 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு முகத்தைத் தாளில் 6 சென்டிமீட்டராக வரைகிறோம். அளவு மூன்றில் ஒரு பங்காகிறது. பற்களின் நடுவிலுள்ள நிழலையும் அவ்வாறே குறைத்தால் அது 0.07 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். நம் பென்சில் கோட்டின் தடிப்போ அரை மில்லிமீட்டர். அதாவது இருக்க வேண்டியதைவிட ஏழு மடங்குக்கும் மேல்! போதாததற்கு, வெளிறிய நிழலை நாம் கருங்கோடாக மாற்றிவிட்டோம்.

பார்ப்பவருக்கு இது எப்படித் தோன்றும்? ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்த, கறை படிந்த பற்களாகத் தோன்றும். எண்ணிக்கையில் உண்மையைச் சொன்ன படம், தோற்றத்தில் பொய் சொல்லிவிட்டது.

ஓடும் படத்தில்

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் கார்ட்டூன் படங்களில் ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படமெடுப்பது வழக்கம். அப்போது வினாடிக்கு 12 ஓவியங்கள் போதும். சிரிப்பில் 8 பற்கள் தெரிந்தால் அவற்றின் நடுவே 7 கோடுகள். வினாடிக்கு 84 கோடுகள், நிமிடத்திற்கு 5,040! உழைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஓர் ஓவியத்திற்கும் அடுத்த ஓவியத்திற்கும் இடையே கோடு மயிரிழை விலகினாலும், பெரிய திரையில் பற்கள் நடனமாடுவது போலத் தோன்றும். கணினி வந்தபின் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. ஆனால் நம் கண் மாறவில்லை. எனவே பற்களைச் சுருக்கிக் காட்டும் வழக்கமும் மறையவில்லை.

எதை விடக்கூடாது?

சுருக்குவது என்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவது அல்ல. முயலுக்கு 28 பற்கள் உண்டு. மேலே முன்புறமுள்ள இரண்டு பெரிய வெட்டும் பற்களுக்குப் பின்னால் இரண்டு சிறு பற்கள்கூட ஒளிந்திருக்கின்றன. ஆனால் 1940-இல் 'எ வைல்ட் ஹேர்' படத்தில் வந்த பக்ஸ் பன்னியை நினைத்தால் நம் மனத்தில் நிற்பவை முன்பற்கள் இரண்டுதாம். முயலை முயலாக அடையாளம் காட்ட அவை போதும்.

சுறாவாக இருந்தால் கதை வேறு. 2003-இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் புரூஸ் என்னும் சுறாவுக்குக் கூரிய பற்கள் வரிசையாகத் தெரிகின்றன. அங்கே அச்சம்தான் தேவை. 2010-இல் வந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்திலோ ஒரே உயிருக்கு இரண்டும் உண்டு. டூத்லெஸ் என்னும் பறக்கும் விலங்கு பற்களை ஈறுக்குள் இழுத்துக்கொண்டால் குழந்தை முகம்; வெளியே நீட்டினால் வேட்டை விலங்கு!

பேச்சுக்கும் பல் வேண்டும். வகரம் மேற்பல்லும் கீழுதடும் பொருந்தப் பிறக்கிறது என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். பாத்திரம் அந்த ஒலியைச் சொல்லும் நொடியில் மேற்பல் கீழுதட்டின்மேல் பட வேண்டும். இல்லாவிட்டால் குரலும் வாயும் ஒட்டாது. ஆகவே அந்த இடத்தில் ஓவியர் பல்லை மறப்பதில்லை.

விலங்கியல் ஏட்டில் மட்டும் இந்தச் சுருக்கத்தைக் கையாளாதீர்கள். அங்கே 32-உம் தனித்தனியே தெரிய வேண்டும். எதற்காக வரைகிறோம் என்பதைப் பொறுத்தே எதை விடலாம் என்பது முடிவாகிறது.

கடைசியாக ஒன்று. கார்ட்டூன் பாத்திரத்தின் பால்வெள்ளைப் பட்டையைப் பார்த்துவிட்டு, தம் பற்கள் அப்படி இல்லையே என்று வாயைக் கையால் மூடிச் சிரிப்பவர்கள் உண்டு. பல்லின் மேலுள்ள எனாமல் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். அதன் வழியே அடியிலுள்ள டென்டினின் இளமஞ்சள் தெரிவது இயற்கையே. அந்த வெள்ளைப் பட்டை ஓவியரின் சுருக்கெழுத்து. உங்கள் வாயில் இருப்பதோ உண்மையான பற்கள். அவற்றைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, தாராளமாகச் சிரியுங்கள்!