சொந்தப் பெயர் மென்பொருளா, இலவச மென்பொருளா? மளிகை வணிகர் கற்க வேண்டிய பாடம்



துவரம் பருப்பை மூட்டையாக வாங்கி, கல் மண் நீக்கி, அரைக் கிலோ, ஒரு கிலோப் பைகளில் அடைத்து, பையின் மேல் நம் கடைப் பெயரை அச்சிட்டு விற்பது நமக்குப் புதிதல்ல. ஆலைக்காரர் பெயர் மறைகிறது. நம் பெயர் நிற்கிறது. விளம்பரச் செலவு இல்லாததால் விலையைச் சற்று இறக்கவும் முடிகிறது. இதே முறையில் கம்ப்யூட்டர் மென்பொருளையும் விற்கலாம் என்று ஒரு பெரிய கடை இறங்கிப் பார்த்தது. அதிலிருந்து கருங்குழி, படாளம், மதுராந்தகம் வட்டாரத்து வணிகர்களாகிய நாம் கற்க வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

டெஸ்கோ செய்த வியாபாரம்

இங்கிலாந்தின் மிகப்பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனமான டெஸ்கோ, 2006 அக்டோபரில் தன் சொந்தப் பெயரில் ஆறு மென்பொருள்களை விற்கப் போவதாக அறிவித்தது. கடிதம், கணக்கு எழுதும் அலுவலகத் தொகுப்பு, வைரஸ் தடுப்பு, வீட்டு வரவு செலவுக் கணக்கு, படம் திருத்துதல், சி.டி. பதிவு செய்தல் ஆகியவை அவற்றில் அடங்கும். ஒவ்வொன்றும் 20 பவுண்டுக்குக் குறைந்த விலை. மைக்ரோசாப்ட் ஆபீசின் விலையோ அதைப்போல் பல மடங்கு.

இவற்றை டெஸ்கோ தானே எழுதவில்லை. ஃபார்ம்ஜெட் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து, பிறர் எழுதியவற்றைத் தன் பெயரில் கொண்டு வந்தது. பருப்புப் பை வியாபாரம்தான். உள்ளே இருந்த சரக்குதான் வேறு.

ஆனால் அதே நாளில் ஓப்பன் ஆபீஸ் என்ற தொகுப்பு காசில்லாமலே கிடைத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் 20 பவுண்டு எதற்கு? பெட்டிக்கு, கையேட்டுக்கு, பழுதானால் போய்க் கேட்க ஒரு கடை இருக்கிறது என்ற தைரியத்துக்கு. இது ஏமாற்று வேலை அல்ல. நம்பிக்கைக்கும் விலை உண்டு என்பதை நாமே அறிவோம். ஆனால் பின்னாளில் பெட்டியில் வைத்து மென்பொருள் விற்கும் தொழிலே சுருங்கிப் போய், எல்லாம் இணையம் வழியே என்றாகிவிட்டது. பெட்டியை நம்பியவருக்கு அடுத்த பதிப்பு எங்கே என்ற கேள்வி எழுந்தது.

இலவசத்தின் கதை வேறு விதமாகப் போயிற்று. ஓப்பன் ஆபீசை வளர்த்த சன் நிறுவனம் 2010-ல் ஆரக்கிள் கைக்கு மாறியது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், அதை எழுதி வந்தவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் தனியே தொடர்ந்தனர். பழைய கோப்புகள் புதியதிலும் திறந்தன. முதலாளி மாறியும் கணக்கு பூட்டப்படவில்லை. நம் பாடத்தின் உயிர்நிலை இதுவே.

"இலவசம்" மூன்று வகை

இலவசம் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, திறந்த மூல மென்பொருள். லிப்ரே ஆபீஸ் இவ்வகை. நம் நாட்டில் உருவான ஜி.என்.யு. காத்தா என்ற கணக்கு மென்பொருளும், மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட்டும் இவ்வகையே. காசு கேட்கமாட்டார்கள்; தெரிந்தவர் எவரும் திருத்தலாம். ஆனால் இரவு எட்டு மணிக்கு பில் நின்றுவிட்டால் ஓடி வர ஆள் யார் என்பதை நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை, நிறுவனம் தரும் இலவசம். நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, கூடுவாஞ்சேரிக்கு அருகில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தலைமையகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனம், தன் இன்வாய்ஸ் மென்பொருளை 2021-ல் இலவசமாக்கியது. ஜி.எஸ்.டி. வலையமைப்பு நிறுவனமும் 2019-ல், ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்குச் சில தனியார் நிறுவனங்களின் பில், கணக்கு மென்பொருளை இலவசமாகத் தர ஏற்பாடு செய்தது. இவை பயனுள்ளவை. ஆனால் சாவி நிறுவனத்திடம் இருக்கும். எது இலவசம், எது கட்டணம் என்பதை அவர்கள் மாற்றலாம்.

மூன்றாம் வகை, நமக்குச் சரக்கு விற்பவரே தரும் கைபேசிச் செயலி. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். எந்தச் சோப்பு எத்தனை போகிறது, யாரிடம் என்ன விலைக்கு எடுக்கிறோம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதெல்லாம் ஒரு கடையின் அந்தரங்கம். பக்கத்துக் கடைக்காரரிடம் பேரேட்டைப் பிரித்துக் காட்டுவோமா? நாளை நம் தெருவிலேயே கடை திறக்கக்கூடியவருக்கு அதைத் தினமும் காட்டுகிறோமா என்று நிபந்தனைகளைப் படித்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும்.

தமிழகத்தின் அனுபவம்

இலவச மென்பொருள் நமக்கு அந்நியமானது அல்ல. 2005-ல் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் தமிழ் ஓப்பன் ஆபீசும் அடங்கிய சி.டி.யை இலவசமாக வெளியிட்டது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் இ.ஆ.ப. நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றியது. 2011-ல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்திலும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோசுடன் சேர்த்து வழங்கப்பட்டது. எனவே நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இவற்றைத் தொட்டுப் பார்த்தவர்களே.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அலுவலகத்தில் பழுது பார்க்கத் தனி ஆள் உண்டு. நம் கடையில் முதலாளியும் நாமே, கணக்குப்பிள்ளையும் நாமே, பொட்டலம் மடிப்பவரும் நாமே.

வரி மாறிய இரவு

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான சரக்குகளுக்கு விகிதம் மாற்ற வேண்டியதாயிற்று.

வரிக்கு முந்தைய மதிப்பு 100 ரூபாய் உள்ள சரக்கு, முதல் நாள் 118 ரூபாய்; மறுநாள் 105 ரூபாய். விகிதம் மாற்றாத கம்ப்யூட்டர் 118 என்றே பில் போட்டால், வாடிக்கையாளரிடம் 13 ரூபாய் கூடுதலாக வாங்கியதாகும். வரி என்று வசூலித்த தொகையை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். ஆகவே அந்த 13 ரூபாய் நமக்கும் தங்காது. நல்ல பெயர் மட்டும் போகும்.

மென்பொருள் வாங்கும் முன் இந்த ஒரு இரவை மனத்தில் வைத்துக் கேளுங்கள்: "வரி மாறினால் யார் மாற்றுவது? ஒரு வகைச் சரக்கு முழுவதையும் ஒரே தடவையில் மாற்ற முடியுமா?" பதில் தெளிவாக வந்தால் அது காசு கொடுத்ததா, இலவசமா என்பது இரண்டாம் கேள்வி.

எழுபத்திரண்டு மாதம்

ஜி.எஸ்.டி. சட்டப்படி, பதிவு பெற்ற வணிகர் தம் கணக்கை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். வழக்கமான முறையில் பதிவு பெற்றவருக்கு 2023-24 ஆண்டின் அறிக்கைக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. எனவே அக்கணக்கு 2030 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். வழக்கு நடந்தால் அதற்கு மேலும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால் தக்க நகலும் எடுத்து வைக்க வேண்டும்; அதிகாரி கேட்டால் கடவுச் சொல்லுடன் திறந்து காட்ட வேண்டும் என்பது விதி.

"மென்பொருள் விற்றவர் கடையை மூடிவிட்டார்", "ஆண்டுக் கட்டணம் கட்டாததால் திறக்கவில்லை" என்பவை பதிலாகா.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் முதலில் 6,000 ரூபாய், பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2,000 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 16,000. இலவச மென்பொருளுக்கு, நிறுவிக் கற்றுத் தருபவருக்கு 3,000, பிறகு ஆண்டுக்கு 1,500 என்றால் மொத்தம் 10,500. வித்தியாசம் 5,500. எழுபத்திரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 76 ரூபாய். இந்த 76 ரூபாய்க்காகச் சண்டையிட்டு, ஆறு ஆண்டுக் கணக்கைப் பறிகொடுக்கலாமா? விலையை விட, கணக்கு யார் கையில் என்பதே பெரிது.

யாருக்கு எது?

சிறு மளிகைக் கடைக்கு, பற்று வரவும் கொள்முதலும் எழுத லிப்ரே ஆபீசின் கணக்குத் தாளே போதும். தானே எடுத்துக்கொள்ளும் முறையில் நடக்கும், பட்டைக் குறியீட்டில் பில் போடும் கடைக்கு, பக்கத்து ஊரிலேயே பழுது பார்க்க ஆள் உள்ள மென்பொருள் நல்லது. அதற்குக் கொடுக்கும் காசு வீணல்ல. பல கிடங்கு, பல விற்பனையாளர் வைத்திருக்கும் மொத்த வணிகர், திறந்த மூலத்தை ஆள் வைத்துத் தமக்கேற்ப அமைத்துக்கொள்வதையும் எண்ணிப் பார்க்கலாம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. என் கணக்கு முழுவதையும் சாதாரணக் கணக்குத் தாள் கோப்பாக நானே வெளியே எடுக்க முடியுமா?
2. கட்டணம் நிறுத்தினாலும் பழைய பில்களைத் திறந்து பார்க்க முடியுமா?
3. இணையம் அறுந்தாலும் பில் போடுமா?
4. வரி மாறினால் யார், எத்தனை நாளில் மாற்றுவார்?
5. என் கொள்முதல், விற்பனை விவரம் வேறு யாருக்குப் போகிறது?

முதல் கேள்விக்கு "முடியாது" என்ற பதில் வந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். "முடியும்" என்றால், சொல்லோடு விடாமல், வாங்கும் முன் ஒரு முறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு மாதக் கடைசியில் கடை அடைக்கும்போது ஒரு நகல் எடுத்து, கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள்.

நம் முன்னோர் சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேட்டை இரவில் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். பேரேடு கம்ப்யூட்டருக்குள் போன பிறகும் அந்த வழக்கத்தை நாம் விடலாகாது.