கதவைத் தட்டும் கை

ராஜஸ்தான் மாநிலத்தில் பாலி என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. மழை குறைந்த பகுதி. பலர் ஆடு மாடு வளர்த்துப் பிழைக்கிறார்கள். அங்கே பல பெண் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது? வீட்டுக்கு வீடு காரணம் வேறு. ஒரு வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் ஆடு மேய்க்க வேண்டும். சில வீடுகளில் கல்யாணப் பேச்சு வந்துவிடும். உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருந்தால், வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக அனுப்பப் பெற்றோர் பயப்படுவார்கள்.

எட்டாம் வகுப்பு வரை கட்டாய இலவசக் கல்வி தரும் சட்டம் 2010 முதல் நடைமுறையில் உள்ளது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அது பொருந்தாது.

'எஜுகேட் கேர்ள்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் 2007இல் பாலி மாவட்டத்தில் வேலையைத் தொடங்கியது. இதை நிறுவியவர் சஃபீனா ஹுசைன். அந்தந்த ஊரில் படித்த இளைஞர்களே இதன் தொண்டர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

தொண்டர்கள் வீடு வீடாகப் போவார்கள். பள்ளிக்குப் போகாத பெண்களின் பெயரை எழுதிக்கொள்வார்கள். "இவள் போனால் ஆட்டை யார் மேய்ப்பது?" என்று தாய் கேட்கலாம். தொண்டர் சண்டை போடக் கூடாது. மறுநாளும் போக வேண்டும். தந்தையிடம் பேச வேண்டும். ஊர்க்காரர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

பள்ளியில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. நாள் கடந்து வந்த பெண்ணுக்குப் பாடம் புரியாது. வெட்கப்பட்டு மறுபடியும் நின்றுவிடுவாள். அதனால் தொண்டர்கள் பாடமும் சொல்லித் தருகிறார்கள்.

பள்ளிக்குத் திரும்ப முடியாத பெண்களுக்கு 'பிரகதி' என்ற திட்டம் இருக்கிறது. 15 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்கள் இதில் சேரலாம். ஊரிலேயே கூடிப் படித்து, திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். 2025இல் இந்த நிறுவனத்துக்கு மகசேசே விருது கிடைத்தது.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லையா? ஏன் என்று கேட்கலாம். பாடம் சொல்லித் தரத் தெரியாவிட்டாலும் பள்ளி வரை துணைக்கு நடக்கலாம். ஒரு பெண்ணின் படிப்பு நிற்காமல் இருக்க அதுவே போதுமானதாக இருக்கலாம்.

கலந்து பேசுங்கள்:

1. உங்கள் ஊரில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் யார்? காரணம் என்ன?

2. அவர்கள் வீட்டுக்கு யார் போய்ப் பேசலாம்?