காயத்துக்குப் பின் மீண்டும் களத்தில்

விளையாட்டில் வெற்றி பெற்றவர்களைப் பற்றிப் பலரும் எழுதுவர். அடிபட்டு ஒதுங்கியவர் எவ்வாறு களத்துக்குத் திரும்பினார் என்று எழுதுவோர் குறைவு. ஆயினும் நமக்குப் பயன்படுவது அதுவே. ஓட்டப் பந்தயத்தில் கால் பிசகிய மாணவியர் சிலர் மறு ஆண்டு விளையாட்டு விழாவுக்குப் பெயர் கொடுப்பதில்லை. "பெண் பிள்ளைக்கு ஓடியது போதும்" என்று வீட்டாரும் சொல்லிவிடுகின்றனர். ஆகவே மிகக் கடினமான ஒரு போட்டியை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். இது 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. தார்ச்சாலையை விட்டு, காடு மேடுகளில் நடத்தும் வகையும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற எக்ஸ்டெரா போட்டி 1996இல் ஹவாய்த் தீவுகளில் தொடங்கியது. அதில் 1.5 கி.மீ. நீச்சல், ஏறத்தாழ 30 கி.மீ. மலைப்பாதையில் சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். நம் ஊரை வைத்துச் சொன்னால், கடலில் நீந்திக் கரையேறி, வேளிமலை அடிவாரத்துக் கல்லும் வேரும் நிறைந்த பாதையில் சைக்கிள் மிதித்து, பிறகு தேரி மணலில் ஓடுவது போன்றது. (முட்டத்துக் கடல் பாறைகள் நிறைந்தது, ஆகவே யாரும் முயன்று பார்க்க வேண்டாம்!) இத்தகைய போட்டியில் கீழே விழாதவர் அரிது.

இதில் சிறந்து விளங்கியவர் பெர்முடா என்ற சிறு தீவைச் சேர்ந்த ஃப்ளோரா டஃபி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிளிலிருந்து விழுந்தும் போட்டியை முடித்து, 45ஆம் இடம் பெற்றார். 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு முறை எக்ஸ்டெரா உலகப் பட்டம் வென்றார். 2018இல் பாதத்தில் ஏற்பட்ட காயத்தால் ஏறக்குறைய ஓராண்டு போட்டிகளை விட்டு விலகியிருந்தார். 2019 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த போட்டிக்குத் திரும்பி மூன்றாவதாக வந்தார். முன்னால் வந்த இருவரும் கைகோத்து எல்லைக்கோட்டைக் கடந்ததால் விதிப்படி நீக்கப்படவே, முதலிடம் இவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டே ஐந்தாம் முறையாக எக்ஸ்டெரா பட்டத்தையும் வென்றார். 2021 ஜூலை 27 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார். அது பெர்முடா நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கமாகும்.

தொலைவில் உள்ளவரை மட்டும் சொல்வானேன்? கேரளத்துக் கடலோரமான பய்யோளியில் வளர்ந்து, கடற்கரை மணலில் ஓடிப் பயிற்சி பெற்றவர் பி.டி. உஷா. 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது குதிகால் காயத்தால் முதற் சுற்றிலேயே வெளியேறினார். அவர் காலம் முடிந்தது என்றே பலர் கருதினர். மறு ஆண்டே டெல்லியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார்.

திரும்பி வருவதற்கு மன உறுதி மட்டும் போதுமா? போதாது. உடலின் இயல்பையும் அறிய வேண்டும். தசையில் இரத்த ஓட்டம் மிகுதி. அது விரைவில் ஆறும். எலும்பு கூடப் பல வாரங்கள் ஆகும். மூட்டுகளைப் பிணைக்கும் தசைநாரில் இரத்த ஓட்டம் குறைவு. அது மெதுவாகவே வலுப்பெறும். மூச்சு சீராகிவிட்டதே என்று முழு வேகத்தில் ஓடினால், ஆறாத தசைநார் மறுபடியும் பிசகும். எனவே மருத்துவரின் அனுமதியுடன், பாதத்தில் பாரம் அதிகம் விழாத நீச்சலையும் சைக்கிளையும் முதலில் தொடங்கலாம். பிறகு நடை, அதன்பின் மெதுவோட்டம், இறுதியில் மேடுபள்ளம் என்று படிப்படியாக முன்னேற வேண்டும். மறுநாள் வீக்கமோ வலியோ கூடினால் ஒரு படி இறங்க வேண்டும்.

கணுக்கால் பிசகினால் உடலைச் சமநிலையில் நிறுத்தும் உணர்வும் குறைந்துவிடும். வலி தணிந்தபின் சுவரருகே ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி அதனை மீட்டுத் தரும். இதற்குக் காசும் கருவியும் தேவையில்லை.

நம் மாவட்டத்தில் சுளுக்கு என்றால் ஆசானிடம் தடவச் செல்வது வழக்கம். ஆனால் அடிபட்ட காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியாவிட்டால், தடவுமுன் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே நல்லது. முறிந்த எலும்பைத் தடவினால் தீங்கு மிகும்.

பெற்றோர்களே, காயம்பட்ட மகளுக்கு ஓய்வு கொடுங்கள். ஆனால் விளையாட்டிலிருந்தே ஓய்வு கொடுத்துவிடாதீர்கள். தோழியரே, அவசரமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம். கால் ஆறும்வரை பொறுத்திருந்து, அடுத்த விழாவுக்கு மறவாமல் பெயர் கொடுங்கள்.