ஃபைல் யார் கையில் இருக்கிறது?

புற்றுநோய் மருத்துவமனையின் ஓ.பி.யில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஃபைல் மகன் கையிலோ மருமகன் அக்குளிலோ இருக்கும். யாருக்கு நோயோ அவர் தண்ணீர் பாட்டிலோடு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார். டாக்டர் அறைக்குள் முதலில் நுழைவதும் மகன்தான். "கேன்சர்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க" என்பார். வெளியே அந்த அம்மா பக்கத்தில் இருப்பவரிடம், "உங்களுக்கு இது எத்தனாவது கீமோ?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை பல மாதங்கள் நீளும். மாத்திரையையும் சேர்த்தால் பல வருடங்கள். நடுவில் எடுக்க வேண்டிய முடிவுகள் அநேகம், எல்லாவற்றுக்கும் கையெழுத்து நோயாளியுடையது. அதற்காக எல்லாவற்றையும் முதல் நாளே தெரிந்துகொண்டாக வேண்டும் என்றில்லை. அடுத்த முடிவுக்கு எது தேவையோ அதை அந்தந்த நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நோயாளிக்குச் சொல்லுங்கள்

எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டுவிடுவது நல்லது. "டாக்டர் எல்லாத்தையும் உன்கிட்டயே சொல்லட்டுமாம்மா, இல்ல என்கிட்ட சொன்னா போதுமா?" என்ற ஒரு கேள்வி போதும். "நீயே பாத்துக்கோப்பா" என்று சிலர் சொல்வார்கள். அது அவர் எடுத்த முடிவு, மதிக்க வேண்டும். ஆனால் சில வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். பதில் பெரும்பாலும் மாறியிருக்கும்.

மறைப்பதால் வரும் ஆபத்து மனசு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. "சத்து ஊசி" என்று சொல்லி கீமோ போடப்பட்டவருக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால், அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். கீமோ எடுத்தவருக்கு வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கலாம். அந்த விவரம் அவருக்குத் தெரியாமல் போனதற்கு யார் பொறுப்பு?

இரண்டாவது, ஃபைல்

தடிமனான ஒரு ஃபைல் வாங்கி, தேதி வரிசையில் அடுக்குங்கள். பயாப்ஸி ரிப்போர்ட், இம்யூனோ ரிப்போர்ட் என்று லேபில் சொல்லும் ஐ.எச்.சி. ரிப்போர்ட், மேமோகிராம், ஸ்கேன் சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு கீமோவிலும் கொடுத்த மருந்தும் அளவும் எழுதிய சீட்டு. எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

பயாப்ஸியில் எடுத்த சதை மெழுகுக் கட்டியாக லேபில் பத்திரமாக இருக்கும். அதை பிளாக் என்பார்கள். அதிலிருந்து சீவிய கண்ணாடித் தகடு ஸ்லைடு. இரண்டாவது கருத்துக்கு வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்பார்கள். எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், பத்திரமாகத் திருப்பித் தரவும் வேண்டும். சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. கவுன்ட்டரில் முகம் சுளித்தால் இந்த வரியை நிதானமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்பது முதல் டாக்டருக்குச் செய்யும் துரோகம் அல்ல. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனையோ, பக்கத்து மருத்துவக் கல்லூரியோ, எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டு கருத்து போதும். ஐந்தாவது டாக்டரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற வார்த்தையை. அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

மூன்றாவது, ரிப்போர்ட்டைப் படிப்பது

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். மற்ற எல்லா முடிவுகளும் இந்த ஒன்றிரண்டு தாளில் இருந்துதான் கிளம்புகின்றன.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் "கிரேடு 3" என்று இருக்கும். "மூணாவது ஸ்டேஜாம்" என்று வீடே அழ ஆரம்பித்துவிடும். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது கிரேடு. 1 முதல் 3 வரை. நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். 0 முதல் 4 வரை. கட்டியின் அளவு, அக்குள் நெறிக்கட்டி, ஸ்கேன் எல்லாம் பார்த்த பிறகே ஸ்டேஜைச் சொல்ல முடியும். கிரேடு 3, ஸ்டேஜ் 1 என்று இருப்பவர்களும் உண்டு.

அடுத்து ஐ.எச்.சி. ரிப்போர்ட். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கே.ஐ.-67 என்று நான்கு வரி. முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. கொரோனா காலத்துக்குப் பிறகு பாசிடிவ் என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. இங்கே ஈ.ஆர். பாசிடிவ் என்றால் பயப்பட வேண்டாம், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை இந்த நோயில் வேலை செய்யும் என்று பொருள். ஹெர்-2 வரியில் 0, 1+, 2+, 3+ என்று ஏதாவது ஒன்று இருக்கும். 0, 1+ என்றால் நெகடிவ். 3+ என்றால் பாசிடிவ். ட்ராஸ்டுஸுமாப் என்ற ஊசி மருந்துக்கு வழி உண்டு. 2+ என்றால் இரண்டுங்கெட்டான். ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்தால்தான் தெரியும். 2+ என்று பார்த்தால், "ஃபிஷ்ஷுக்கு அனுப்பியாச்சா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். கூட்ட நெரிசலில் அது விட்டுப்போவது உண்டு. கே.ஐ.-67 செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதற்கான அடையாளம். அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றுமே நெகடிவ் என்றால் ட்ரிபிள் நெகடிவ். ஹார்மோன் மாத்திரையும் ட்ராஸ்டுஸுமாப்பும் இதில் பலன் தராது, கீமோவுக்குத்தான் முக்கிய இடம். மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேட்க வேண்டிய வகை இது.

பயாப்ஸி என்றதும் ஊரில் ஒரு குரல் எழும்: "கத்தி பட்டா பரவிடும்." பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவி ஆயுள் குறைவதில்லை. எடுக்காமல் சிகிச்சை தொடங்கினால் எந்த மருந்து என்பதே தெரியாது. ஆபரேஷனுக்கு முன்பே கீமோ என்றால், முதல் ஊசி ஏறுவதற்குள் ஐ.எச்.சி. முடிவு கையில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கேளுங்கள்: கட்டி இருக்கும் இடத்தில் சின்ன உலோக கிளிப் வைக்கிறீர்களா? கீமோவில் கட்டி முழுவதும் கரைந்துபோனால், பிறகு எந்த இடத்தை அறுப்பது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

நான்காவது, டாக்டர் அறை

கிடைப்பது ஐந்து நிமிடம். மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பத்து எழுதினால் பத்தும் அரைகுறையாகும். கூட ஒருவர் மட்டும் போகட்டும். அவர் வேலை எழுதுவது, பேசுவது அல்ல. டாக்டரிடம் அனுமதி கேட்டு செல்போனில் பதிவு செய்யலாம், பலர் சம்மதிக்கிறார்கள். வெளியே வருவதற்கு முன், "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர்" என்று இரண்டு வரியில் திருப்பிச் சொல்லிவிடுங்கள். தவறாகப் புரிந்துகொண்டது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

எந்தச் சிகிச்சைக்கும் பொதுவான முதல் கேள்வி: இது நோயைக் குணப்படுத்தவா, கட்டுக்குள் வைக்கவா? கேட்கத் தைரியம் வேண்டும்தான். ஆனால் இந்தப் பதில் தெரியாமல் நகையை அடகு வைக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று யோசிப்பது இருட்டில் துழாவுவது.

ஆபரேஷன் என்றால், "மார்பைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? முடியாதென்றால் ஏன்?" என்று கேளுங்கள். முழுசாக எடுத்துவிட்டால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற எண்ணம் இன்னும் பலமாக இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும் முழு மார்பகத்தையும் எடுத்தவர்களும் உயிர் வாழ்வதில் வித்தியாசமில்லை என்பதை, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 வருடம் தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் காட்டின. ஆனால் ரேடியேஷனை, ஊரில் சொல்வதுபோல் கரண்ட் வைப்பதை, தட்டிக்கழிக்க முடியாது. இன்றைக்குப் பலருக்கு அது 15 நாள், மூன்று வாரத்தில் முடிகிறது. அந்த மூன்று வாரம் எங்கே தங்குவது என்பதையும் இந்த முடிவோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ஐந்தாவது, கீமோவுக்கு முன்

இனி குழந்தை வேண்டும் என்று நினைக்கும் வயதுக்காரர் என்றால், கீமோ தொடங்குவதற்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். கருமுட்டையைச் சேமித்து வைக்க வழி உண்டு. தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும். நம் ஊரில் டாக்டரும் கூச்சத்தில் கேட்க மாட்டார், நோயாளியும் சொல்ல மாட்டார்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வெள்ளை அணுக்கள் மிகவும் குறைவது பொதுவாக ஊசி போட்ட இரண்டாவது வாரத்தில். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்து தொற்று உள்ளே வளரும். ராத்திரியில் எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்று முதல் கீமோ அன்றே வாங்கி, காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏறிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தமில்லை, மருந்தின் நிறம். முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும், சிகிச்சை முடிந்ததும் முளைக்கும். இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களுக்கு வார்டு சிஸ்டரைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது, எது சாப்பிட்டால் குமட்டாது என்றெல்லாம் அவரைக் கேளுங்கள்.

கஷாயம், லேகியம், பொடி எது எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்து, கல்லீரல் என்சைம் அளவு ஏறி, கீமோ தள்ளிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். முள் சீத்தா கீமோவைவிட பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்று வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றும் தகவல் ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள் மேல் பார்த்ததை ஊதிப் பெருக்கியது. மனிதர்களில் அது நோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. அனுப்பிய சித்தப்பாவிடம் சண்டை போட வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்.

பணம்

இதைத் தனியாகக் கேட்க வேண்டும், வெட்கப்படாமல். ஒரு ஊசியின் விலையைக் கேட்காதீர்கள். மொத்தம் எத்தனை, எவ்வளவு காலம் என்று கேளுங்கள். ட்ராஸ்டுஸுமாப் வழக்கமாக ஒரு வருடம் போகும். அதன் பயோசிமிலர்கள் இந்தியாவில் 2014 முதல் கிடைக்கின்றன, விலையும் குறைவு. அந்த வருடம் முழுக்க அவ்வப்போது இருதய எக்கோவும் எடுக்க வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்குவதுதான் முறை. கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசி கீமோவுக்குப் பிறகு

எல்லோரும் இனிப்பு கொடுத்துவிட்டுக் கலைந்துபோகும் நேரம் இது. தகவல் மிகவும் குறைவாகக் கிடைப்பதும் இப்போதுதான். டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. மூட்டு வலி, உடம்பு தகிப்பு என்று எந்தத் தொல்லையானாலும் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கலாம். மாதவிலக்கு நின்றவருக்கு டமாக்ஸிஃபென் எடுக்கும்போது ரத்தப்போக்கு தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை வருடங்கள் கழித்தும் வீங்கலாம். வளையலோ ஜாக்கெட் கையோ இறுக்கினால் அதுவே முதல் அடையாளம். தொடக்கத்திலேயே பிசியோதெரபிக்குப் போனால் அடக்கிவிடலாம்.

வருடம் ஒரு மேமோகிராம், டாக்டர் சொல்லும் இடைவெளியில் கையால் பரிசோதனை. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேன் தேவையில்லை. பயத்தைத் தணிக்க எடுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் புதுப் பயத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

மகள்களும் தங்கைகளும் "எனக்கும் வருமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலான மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வருவதில்லை. சிறு வயதில் வந்திருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலோ, ட்ரிபிள் நெகடிவ் என்றாலோ பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் மகளல்ல, நோய் வந்த அம்மா. அவருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால்தான் மகளிடம் அதைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. மகளுக்கான மேமோகிராமை எந்த வயதில் தொடங்குவது என்பதும் அம்மாவுக்கு வந்த வயதைப் பொறுத்தது. அந்த வயதில் பத்து வருடத்தைக் குறைத்துக்கொண்டு டாக்டரிடம் பேச்சைத் தொடங்கலாம்.