கொல்லைத் தோட்டமும் வீட்டில் உள்ள நோயாளியும்

ஓடைப்பட்டி என்றவுடன் விதையில்லாத் திராட்சைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பந்தலில் கொடி ஏற்றத் தெரிந்த ஊராருக்குக் காய்கறித் தோட்டம் போட மருத்துவர்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயினும் சிறுநீரக நோயாளிகளைக் கவனித்துவரும் நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கொல்லையில் எதை விதைப்பது என்று முடிவு செய்வதற்கு முன், வீட்டில் உள்ளவர்களின் மருத்துவச் சீட்டுகளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை ஆகியவற்றின் விதைகள் ஒரே தொகுப்பாக வழங்கப்படுகின்றன. நல்ல ஏற்பாடு. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் தட்டுகளில் பெரும்பாலும் சோறே அந்த இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தாத்தாவுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய். அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய். மகனுக்கு இதய வால்வு மாற்றப்பட்டு, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை தரப்பட்டுள்ளது. மருமகளுக்கு இரத்தசோகை. நால்வரும் சேர்ந்து பாத்தி கட்டி விதைக்கிறார்கள். முப்பது நாளில் கீரை தளதளவென்று வந்துவிடுகிறது. சந்தையில் காசு கொடுத்து வாங்கும்போது அளவு நம் கையில் இருக்கும். கொல்லையில் விளையும்போது, வீணாகிவிடுமே என்று நாள்தோறும் கீரை சமைக்கப்படுகிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மருமகளுக்கு அக்கீரை நல்லது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்காது. உணவுடன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ஏற்பு கூடும். உணவுடனோ உண்டவுடனோ தேநீர் அருந்தினால் குறையும். கீரை உண்பதால் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

மகன் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்ண வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்கிறது. திடீரென அளவு கூடினால் மருந்தின் பயன் குறைந்து, வால்வில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்படும். எனவே ஒரே நாளில் பாத்தி முழுவதும் விதைக்காமல், பத்து நாள் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக விதைப்பது நல்லது.

தாத்தாவின் நிலைதான் எங்களுக்குக் கவலை தருவது. பழுதடைந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைப் போதிய அளவில் வெளியேற்ற இயலாது. இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. 6-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி, முன்னறிவிப்பின்றி நின்றுவிடவும் கூடும். டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டுபவை. முருங்கைக்கீரையிலும் பிற கீரைகளிலும் தட்டப்பயற்றிலும் இளநீரிலும் அது மிகுதி. ‘உடம்புக்குத் தெம்பு’ என்று அன்போடு கொடுக்கும் முருங்கைக்கீரைச் சாறு இவருக்கு ஆகாது. வேகும்போது பொட்டாசியம் இறங்குவது அந்தத் தண்ணீரில்தான்.

அதற்காகத் தோட்டமே வேண்டாம் என்பதில்லை. பீர்க்கு, சுரை, புடலை ஆகியவற்றில் பொட்டாசியம் ஒப்பீட்டளவில் குறைவு. ஓடைப்பட்டிக் கைகளுக்கு ஒரு புடலைப் பந்தல் பெரிய வேலையா என்ன? காய்களைச் சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து வடித்து, பின்னர் நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரையும் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீங்கிவிடும். சிறுநீரக நோயாளிகள் அனைவருக்கும் இக்கட்டுப்பாடு தேவையில்லை. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தே முடிவு செய்கிறோம். பொட்டாசியம் கலந்த ‘சோடியம் குறைந்த உப்பு’ மட்டும் எங்கள் ஆலோசனையின்றி வேண்டாம்.

மலைக்கு அப்பால் கேரளத்து வீடுகளில் இரும்பன்புளி எனப்படும் பிலிம்பி மரம் சாதாரணம். அதன் நாற்று இப்பக்கமும் வந்து சேரலாம். கொழுப்பு குறையும் என்று நம்பி அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த பத்து நோயாளிகளைப் பற்றி 2013-இல் கேரள மருத்துவர்கள் எழுதினர். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது; அது மூளையையும் பாதிக்கும்.

திராட்சைக்குத் தெளித்த மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று வீட்டுக் கத்தரிக்கும் அடிப்பது மற்றோர் ஆபத்து. திராட்சைக்கு உரிய மருந்து, அளவு, அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்கள் யாவும் வேறு. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாது என்று நடுவண் அரசு 2005-லேயே தடை விதித்தது. காலி மருந்து டப்பாவில் செடிக்குத் தண்ணீர் எடுக்கக் கூடாது. பேரக்குழந்தைகளும் உடன் வேலை செய்யும் இடம் அது.

அப்பத்தா செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்க வேண்டாம். உணர்ச்சி மரத்த பாதத்தில் முள் தைத்தால் தெரியாது. இரவில் யாரேனும் விளக்கொளியில் அவருடைய இரு பாதங்களையும் பார்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணாமல் மண்வெட்டி பிடித்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். தாத்தாவுக்கு டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா கையில் வைக்கப்பட்டிருந்தால், அக்கையால் தண்ணீர் வாளி தூக்கக் கூடாது. நாற்று நடுவதையும் காய் பறிப்பதையும் அவரிடம் விட்டுவிடலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள் மக்கிய எருவைக் கிளறும் வேலையைப் பிறரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மாத்திரைப் பட்டியலோடு கொல்லையில் உள்ள செடிகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். யாருக்கு எது, எவ்வளவு என்பதை உணவியல் வல்லுநருடன் சேர்ந்து குறித்துத் தருகிறோம்.