தியேட்டரைக் கடைசியில் வரையுங்கள்

துறைமுகப் பக்கமுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். பயிற்சி மருத்துவர்களுக்கு சிமுலேஷன் கூடம் அமைக்கத் தரைத்தளத்தில் 40 அடிக்கு 30 அடி ஹால் கிடைத்திருக்கிறதாம். “உள்ளே நுழைந்தால் அசல் ஆபரேஷன் தியேட்டர் மாதிரியே இருக்க வேண்டும், எப்படித் திட்டமிடலாம்?” என்று கேட்கிறார்.

டாக்டர், முதலில் அதே அளவு இடத்தை மாடியில் கேளுங்கள். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியதை உங்கள் நிர்வாகத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். நோயாளிக்குப் பதிலாகப் படுக்க வைக்கும் சிமுலேட்டர் பொம்மைக்குள் இருப்பதெல்லாம் மோட்டாரும் சர்க்யூட்டும், தண்ணீர் புகுந்தால் அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் ஏறும் லிஃப்ட் இருந்தால் முதல் மாடியே போதும்.

இடம் உறுதியானதும் ஸ்டோர் ரூமை வரையுங்கள். தியேட்டரைக் கடைசியில் வரையலாம். ஆள் உயரப் பொம்மையைத் தனியாளாகத் தூக்க முடியாது. அது ஹாலின் மறுகோடியில் பூட்டிய அறைக்குள் இருந்தால் முதல் மாதம் எடுப்பார்கள், மூன்றாம் மாதம் சாவி யாரிடம் என்று தேடுவார்கள். மொத்தம் 1200 சதுர அடியில் 300-ஐ ஸ்டோருக்குக் கொடுங்கள். கதவு நான்கடி அகலம், வாசற்படி கூடாது, பொம்மை ட்ராலியிலேயே படுத்திருக்கட்டும். மேலே போர்த்த வெள்ளைத் துணி போதும். செய்தித்தாள் விரித்தால் அச்சு மை பொம்மையின் தோலில் இறங்கிவிடும், பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. பால்பாயிண்ட் பேனாவும் அப்படித்தான்.

அடுத்தது நம் ஊர்க் காற்று. உப்பும் ஈரமும் கலந்த அது கருவிக்கு ஆகாது. மாலையில் ஏ.சி.யை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். இரவில் கசியும் ஈரக்காற்று குளிர்ந்திருக்கும் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் பட்டு வியர்க்கும், ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். ஸ்டோருக்குள் மட்டுமாவது ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவுபகலாக ஓடட்டும். சிங்க், மேஜை, ராக் வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மட்டும் எழுதாதீர்கள், 316 ரகம் என்று எழுதுங்கள். சாதாரண 304-ல் மாலிப்டினம் சேர்ப்பதில்லை, உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு குத்தும். ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம்.

துறைமுக ஊரில் கூடம் கட்டப் போனால் “பழைய கன்டெய்னர் ரெண்டு வாங்கிப் போட்டா முடிஞ்சுது” என்று சொல்ல ஒருவராவது வருவார். கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர்தான். நடுவில் மேஜை போட்டு இருபுறமும் ஆள் நின்றால் முதுகு சுவரில் இடிக்கும், ட்ராலி திரும்ப வழியிராது. போதாக்குறைக்குக் கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டும், சரக்கு ஏற்றி இறக்குபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஸ்டோருக்கு அடுத்தபடி நான் காசு செலவழிப்பது பேசும் அறைக்கு. பயிற்சி முடிந்ததும் நடந்ததைக் குழுவாக உட்கார்ந்து அலசும் இடம் அது, 200 சதுர அடி ஒதுக்கலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2020-இல் மருத்துவக் கல்லூரிகளுக்கு வெளியிட்ட குறைந்தபட்ச விதிகளே திறன் கூடத்துக்கான பட்டியலில் பேசும் இடத்தையும் பொம்மை வைக்கும் இடத்தையும் தனித்தனியாகக் கேட்டன. ஆண்டுக்கு 150 மாணவர் வரை சேர்க்கும் கல்லூரிக்குத் திறன் கூடம் 600 சதுர மீட்டர் என்றன. உங்கள் ஹால் அதில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மேடையோ போடியமோ வேண்டாம், வட்டமாக நாற்காலி போடுங்கள், வீடியோவுக்கு ஒரு திரை போதும். கதவில் கண்ணாடி கூடாது. தப்பு செய்த பையன் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை வராந்தாவில் போகிறவர் பார்த்தால் அடுத்த முறை அவன் வாயைத் திறக்க மாட்டான்.

கட்டுப்பாட்டு அறையை, முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் படகில் கயிறு பிடித்தவரின் இடமாக நினைத்துக்கொள்ளுங்கள். குளிப்பவர் கீழே இருக்க, மேலே இருப்பவரின் கவனமெல்லாம் கயிற்றில்தான். மச்சானைத்தான் அந்த இடத்தில் வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. பொம்மையின் நாடித்துடிப்பை ஏற்றி இறக்குபவருக்கும் அதே வேலைதான், அவர் எல்லார் கையையும் பார்க்க வேண்டும், அவரை யாரும் பார்க்கக் கூடாது. ஒருவழிக் கண்ணாடி வாங்கிப் போட்டால் மட்டும் இது நடக்காது. அவர் பக்கம் இருட்டாக இருந்தால்தான் அந்தக் கண்ணாடி வேலை செய்யும். சுவருக்குக் கறுப்பு வண்ணம், கதவுக்குத் திரை, மானிட்டருக்குக் குறைந்த வெளிச்சம். 100 சதுர அடியில் முடித்துவிடலாம்.

தியேட்டருக்கு 20-க்கு 18 அடி போதும். ஆக்சிஜன் என்று எழுதிய குழாயில் அழுத்தக் காற்று மட்டும் வரட்டும், கம்ப்ரஸர் சத்தம் கேட்காத தூரத்தில் இருக்கட்டும். பயிற்சி மருந்து, ஊசி எல்லாவற்றிலும் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்ற சீட்டு வேண்டும், ஒரு குப்பிகூட வார்டுக்குப் போய்விடக் கூடாது.

மீதி 240 சதுர அடியில் லேப்ராஸ்கோபிப் பயிற்சிப் பெட்டிகள். யேல் பல்கலைக்கழகத்தினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்கள் பித்தப்பை அறுவை செய்தார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுப்பதை 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள், பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேண்டாத இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பிருந்தது. அவர்கள் பழகியது ஒரு கணினியிலும் இரண்டு கைப்பிடிகளிலும்தான், தியேட்டர் மாதிரி எதுவும் தேவைப்படவில்லை. இந்தப் பெட்டிகளுக்கு கிரானைட் மேடை கட்டிவிடாதீர்கள், நம் மேஸ்திரிகளுக்கு அதில் தனி ஆசை. உயரம் ஏற்றி இறக்கும் மேஜையே சரி. கைப்பிடி முழங்கை மட்டத்திலோ சற்றுத் தாழவோ இருக்க வேண்டும், திரை கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. ஐந்தடி உயர டாக்டரம்மா தோளைத் தூக்கிக்கொண்டு தையல் பழகினால் அந்தப் பழக்கமே கடைசிவரை நிற்கும். ஆட்டுக்குடலில் தையல் பழகுவதைப் பின்பக்க வராந்தாவுக்குக் கொண்டுபோங்கள், அங்கே தண்ணீரும் வடிகாலும் வேண்டும்.

சுவர் எழுப்புமுன் தரையில் மாஸ்கிங் டேப்பால் அறைகளை ஒட்டிவிட்டு, தியேட்டர் சிஸ்டர்கள் இரண்டு பேரை அழைத்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே முட்டிக்கொள்கிறார்களோ அங்கே டேப்பைப் பிய்த்து மறுபடி ஒட்டுங்கள். கான்ட்ராக்டரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.