காது தைத்த பிறகு

பாரமான தோடு இழுத்துச் சோணை கிழிந்ததா? விறைப்பூசி போட்டு, ஓட்டையின் ஓரத்தைச் சீவித் தைப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். பழைய ஆயுர்வேத நூலான சுச்ருத சங்கிதையே காது ஒட்ட 15 வழிகளைச் சொல்கிறது. பிள்ளையின் வெளியே துருத்திய காதைத் திருத்துவதென்றால் பொதுவாக 5 வயதுக்குப் பிறகுதான்.

கண்ணாடி பார்க்கும் அவசரத்தைத்தான் முதலில் அடக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் ஒரு காது மற்றதைவிடக் கூடுதலாக வீங்கியிருக்கும். பிறவியிலேயே எவருக்கும் இரண்டு காதும் அச்சொட்டாக ஒன்றல்ல. சத்திரசிகிச்சைக்கு முன்பே நேரே, பக்கவாட்டில், பின்னால் படம் எடுத்து வையுங்கள்; ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம்.

ஒரு காதில் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றே காட்டுங்கள். காயத்தில் மஞ்சள், தேங்காயெண்ணெய் வேண்டாம். மோட்டார் சைக்கிள்காரர் கவனம்: ஹெல்மட்டைக் கழற்றும்போது காது மடங்கித் தையல் இழுபடும். தையல் ஆறும்வரை பஸ்ஸில் போனால் என்ன! தழும்பு தடிக்கும் உடம்பென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுபடி காது குத்த மூன்று மாதமாவது பொறுங்கள். தழும்பின் மேலே குத்தக்கூடாது.

சத்திரசிகிச்சை பற்றிக் கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனை போதனா வைத்தியசாலையிலோ முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் போனால், வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.